கடல் கடக்க முன் கடதாசிகள்



குவைத்தில் வேலை செய்யும் முல்லைத்தீவுச் சகோதரி ஒருவர் தன் தாயார் மூலம் எமக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். ஊரிலுள்ள வங்கியொன்றில் நிலையான வைப்பாகப் போட்டிருந்த காசை மகளின் படிப்புக்காக எடுக்க வேண்டியிருந்தது. வெள்ளைத்தாளில் கடிதம் எழுதி, கையொப்பமிட்டு அம்மாவுக்கு அனுப்பினார். வங்கி மறுத்துவிட்டது. "நான் உழைத்த காசைத் தர மறுக்க இவர்கள் யார்?" என்று கேட்கிறார்.

கோபம் நியாயமானதுதான். ஆனால் அவருடைய கடதாசிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது முகாமையாளரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணக்கு திருமணத்துக்கு முன், தகப்பனாரின் பெயரை முதலெழுத்தாக வைத்துத் திறக்கப்பட்டது. 2009இல் இடம்பெயர்ந்தபோது அடையாள அட்டை தொலைந்தது. பின்னர் எடுத்த அட்டையில் கணவரின் பெயர் சேர்ந்துவிட்டது. கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. போதாததற்கு, வங்கியில் தமிழில் கையொப்பமிட்டவர் கடிதத்தில் ஆங்கிலத்தில் ஒப்பமிட்டிருக்கிறார். கடதாசியை மட்டும் பார்ப்பவருக்கு இது ஒரு பெண்ணல்ல, மூன்று பெண்கள்! 2006ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடல் சட்டம் வந்த பின்னர், வாடிக்கையாளர் யார் என்று உறுதி செய்வது வங்கிகளின் சட்டக் கடமையாகவும் இருக்கிறது.

இந்தச் சிக்கல் எங்கள் பெயர்களிலேயே இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். அதை ஆங்கிலத்தில் எழுதுபவர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதுவார். 'ராணி' என்ற பெயரின் கடைசி எழுத்து ஓரிடத்தில் 'ஐ', இன்னோரிடத்தில் 'வை' என்று வரும். குடும்பப்பெயர் என்பது எங்களிடம் இல்லை. வெளிநாட்டில் அதற்கொரு கட்டம் இருப்பதால் அப்பாவின் பெயரோ கணவரின் பெயரோ அதற்குள் போய் விழுகிறது. ஆகவே கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க முன்னரே அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமிப்புப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். காசு அனுப்பும்போதும் சேமிப்புப் புத்தகத்தில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். பெயர் பொருந்தாத காசு நடுவழியில் நிற்கும்.

பிறந்த திகதியையும் பாருங்கள். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அது வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். பெப்ரவரி 10 என்றால் 41ஆவது நாள், ஆகவே 541. (ஆண்களுக்கு எதுவும் கூட்டுவதில்லை. இந்த ஓரிடத்திலாவது எங்களுக்கு அதிகம் கிடைத்திருக்கிறது!) 12 இலக்கமுள்ள புதிய அட்டையில் வருடம் நான்கு இலக்கமாக இருக்கும், அடுத்த மூன்றும் இதே கணக்குத்தான். புதிய இலக்கம் கிடைத்தவர்கள் வங்கிக்கும் அறிவிக்க வேண்டும்.

பெயர்கள் ஏற்கனவே மாறிப்போயிருந்தால் பதற வேண்டாம். இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசி முடிக்கலாம். ஊரில் சமாதான நீதவான் முன்னிலையிலும், வெளிநாட்டில் இலங்கைத் தூதரகத்திலும் இதைச் செய்யலாம். திருமணச் சான்றிதழின் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். குவைத் சகோதரிக்கும் இதையே சொன்னோம். அத்துடன், அம்மா காசெடுப்பதற்குத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோணித் தத்துவத்தை அனுப்பும்படியும் கூறினோம். அனுப்ப முன்னர், எந்தெந்தக் கடதாசி வேண்டும் என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. ஒரு தாள் குறைந்தாலும் மறுபடி லீவு கேட்டுத் தூதரகத்துக்கு ஓட வேண்டும். வீட்டு வேலை செய்பவருக்கு அந்த ஒரு நாள் லேசில் கிடைக்காது.

அற்றோணித் தத்துவம் பற்றி என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பொதுத் தத்துவம் கொடுக்காதீர்கள். அதில் எழுதப்பட்டிருப்பதைப் பொறுத்து, அதை வைத்திருப்பவர் உங்கள் காணியைக்கூட விற்கலாம். விசேட தத்துவம் கொடுங்கள். கணக்கிலக்கம், என்ன தேவைக்கு, எவ்வளவு தொகை என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். "கூடப்பிறந்த தம்பியிலேயே நம்பிக்கையில்லையா அக்கா?" என்று கேட்பார்கள். நம்பிக்கை இருக்கட்டும், கடதாசியில் எல்லையும் இருக்கட்டும். ரத்துச் செய்வதாயின் அதையும் எழுத்தில் செய்து பதிவு செய்து, வங்கிக்கு உடனே அறிவிக்க வேண்டும். தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அது செல்லாது. அதனால்தான் கணக்கு உங்கள் பெயரில் இருக்கும்போதே பின்னுரித்தாளரின் பெயரையும் வங்கியில் பதிந்துவிட வேண்டும். பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இடம்பெயர்ந்து வெளிநாடு போனவர்களின் பழைய கணக்குகளையும் தேடிப் பாருங்கள். பத்து வருடங்கள் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத கணக்குகளிலுள்ள பணத்தை வங்கிச் சட்டத்தின்படி மத்திய வங்கிக்கு மாற்றுவார்கள். அந்தப் பணம் அழிந்துபோகாது. உரிமையை நிரூபித்து, கணக்கிருந்த வங்கியின் ஊடாகக் கேட்கலாம். சேமிப்புப் புத்தகம் இல்லாவிட்டாலும் கிளையின் பெயர், பழைய அடையாள அட்டை இலக்கம், அன்றைய முகவரி ஆகியவை உதவும்.

போகும்போது எல்லாவற்றிலும் ஒவ்வொரு பிரதியை உறுதிப்படுத்தி அம்மாவிடமோ சகோதரியிடமோ கொடுத்துவிட்டுப் போங்கள். மூலப்பிரதிகளை முகவரிடம் கொடுக்க வேண்டாம். காணாமற்போன கணவரின் பெயரில் கணக்கிருப்பதாகப் பலர் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் சான்றிதழ் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அடுத்த இதழில் எழுதுகிறேன்.