வீண் எச்சரிக்கையும் விபத்தே!

மேற்கு வங்க மாநிலம் கைசாலில் 1999 ஆகஸ்ட் 2-ம் தேதி இரு ரயில்கள் நேருக்கு நேர் மோதியதில் 280-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னர், கொங்கண் ரயில்வே உருவாக்கிய மோதல் தடுப்புக் கருவி வடகிழக்கு எல்லை ரயில்வேயில் பரிசோதனை முறையில் பொருத்தப்பட்டது.

செயற்கைக்கோள் துணையுடன் இயங்கிய அக்கருவியால், அருகருகே உள்ள தண்டவாளங்களில் ரயில் எதில் செல்கிறது என்பதைத் துல்லியமாகக் கணிக்க இயலவில்லை. தேவையற்ற எச்சரிக்கைகள் எழுந்தன. காரணமின்றி பிரேக் விழுந்தது. நாடு முழுவதும் பரவியிருக்க வேண்டிய திட்டம் பாதியிலேயே முடங்கியது.

இக்குறையைக் களையவே, தண்டவாளத்தில் அடையாளச் சில்லுகளைப் பதித்து இயங்கும் 'கவச்' முறை உருவாக்கப்பட்டு, 2020-ல் தேசியப் பாதுகாப்பு முறையாக ஏற்கப்பட்டது. ஆயினும், 2024 ஜூன் 17-ம் தேதி, கொல்கத்தாவின் சியால்டா நோக்கி வந்த காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது ரங்கபாணி அருகே சரக்கு ரயில் மோதியபோது, அத்தடத்தில் கவச் இல்லை. கைசால் துயரம் நிகழ்ந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகியும் இதே நிலை நீடித்தது வேதனைக்குரியது.

அடிக்கடி பொய்யாக ஒலிக்கும் மணியை ஓட்டுநர் நம்பமாட்டார். உண்மையான ஆபத்தின்போதும் தயங்குவார். காரானாலும் ரயிலானாலும் இதுவே நியதி. எனவே, எத்தனை கிலோமீட்டரில் கவச் அமைக்கப்பட்டது என்ற கணக்கோடு, எத்தனை முறை அது வீணாக பிரேக் போட்டது என்ற கணக்கையும் ரயில்வே அமைச்சகம் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். குறையை மறைப்பதால் ஏற்படும் காலதாமதத்துக்கு விலை கொடுப்பவர்கள் பயணிகளே.