எதையும் விற்காத கடை

எமிலி என்ற சிறுமி ஒரு கடை வைத்திருக்கிறாள். அதன் சன்னலில் அடுக்கியிருக்கும் எந்தப் பொருளுக்கும் விலை கிடையாது. போகும் வழியில் யாரோ தொலைத்த பொருளைக் கண்டால் எடுத்து வந்து, தன் பழைய துணிப் பூனையின் முன் வைத்துவிட்டுப் போவாள். பூனை கொட்டாவி விட்டு எழும். உடனே கடையிலிருக்கும் பொம்மைகளும் ஒவ்வொன்றாக உயிர் பெறும். வந்த பொருள் என்ன, எதற்கு உதவும் என்று கூடிப் பேசி, கதை சொல்லி, பாட்டுப் பாடி, அழுக்கைத் துடைத்து, உடைந்ததை ஒட்டிச் சன்னலில் வைக்கும். தொலைத்தவர் அந்த வழியே வந்தால் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். காசு கேட்க அங்கே ஆளில்லை.

1974 பிப்ரவரியில் பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘பேக்பஸ்’ இவ்வளவுதான். கால் மணி நேரப் பகுதிகள் மொத்தம் 13. அதற்குமேல் ஒன்றுகூட எடுக்கப்படவில்லை. ஆனாலும் அந்தப் பதின்மூன்றையே திரும்பத் திரும்ப ஒளிபரப்பினார்கள். குழந்தைகள் அலுக்காமல் பார்த்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து, 1999இல் பிபிசி நடத்திய வாக்கெடுப்பில் பார்வையாளர்களின் மனம் கவர்ந்த குழந்தைகள் நிகழ்ச்சியாக முதலிடம் பிடித்தது பேக்பஸ். ஐம்பது ஆண்டு கடந்துவிட்ட இந்தக் கிறுக்குத்தனமான தொடரைக் கொண்டாட நமக்கும் ஒரு காரணம் இருக்கிறது. குழந்தைகளுக்கான நிகழ்ச்சியைச் சந்தையின் கையில் மட்டும் விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

தொடரை உருவாக்கியவர்கள் இருவர். ஆலிவர் போஸ்ட்கேட் கதை எழுதினார். ஒவ்வொரு படமாக எடுத்துக் கோத்து அசைவைக் கொண்டுவந்தார். கதைசொல்லியாகக் குரலும் கொடுத்தார். பீட்டர் ஃபர்மின் பொம்மைகளையும் அரங்கையும் செய்தார். இருவரும் சேர்ந்து நடத்திய ‘ஸ்மால்ஃபிலிம்ஸ்’ நிறுவனத்தின் படப்பிடிப்புக்கூடம், கேன்டர்பரி அருகே ஃபர்மினின் பண்ணையில் இருந்த ஒரு பழைய மாட்டுக்கொட்டகை. முதல் காட்சியில் பழுப்பேறிய புகைப்படங்களில் வரும் எமிலி, ஃபர்மினின் சொந்த மகள். சாண்ட்ரா கெர், ஜான் ஃபாக்னர் என்ற இரு நாட்டுப்புறப் பாடகர்கள் இசையைப் பார்த்துக்கொண்டார்கள்.

பேக்பஸ் என்ற அந்தத் துணிப் பூனையின் உடம்பில் ஓடும் இளஞ்சிவப்புக் கோடுகள் சாயம் போட்டவர்கள் செய்த பிழை. கேட்டது ஆரஞ்சு வரிப் பூனை. வந்து சேர்ந்தது இளஞ்சிவப்பு. இருவரும் அதையே வைத்துக்கொண்டார்கள். பெரிய நிறுவனமாக இருந்தால் துணி திரும்பிப் போயிருக்கும். எந்த நிறம் எந்த வயதுக்கு எடுபடும் என்று கூட்டம் போட்டு முடிவு செய்திருப்பார்கள். உலகில் எங்குமில்லாத அந்தப் பூனையும் நமக்குக் கிடைத்திருக்காது.

பாத்திரங்களும் அப்படித்தான். புத்தகத் தாங்கியாகச் செதுக்கப்பட்ட மரங்கொத்தி ஒன்று, பேராசிரியர் யாஃபில் என்ற பெயரில் எல்லாவற்றையும் மறுத்துப் பேசும். தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸலின் சாயல் அதில் உண்டு என்று போஸ்ட்கேட்டே சொல்லியிருக்கிறார். கேப்ரியல் என்ற தேரை பாஞ்சோ மீட்டிப் பாடும். மேடலின் என்ற கந்தல்துணிப் பொம்மை நாற்காலியில் அமர்ந்து கதை சொல்லும். இசைப்பெட்டியில் செதுக்கிய எலிகள் இறங்கி வந்து வேலையை முடித்துக்கொடுக்கும். வில்லன் இல்லை, சண்டை இல்லை, துரத்தல் இல்லை. ஒரு பொருளை உற்றுப் பார்ப்பதும் அதைப் பற்றி வாதாடுவதும் குழந்தையைக் கால் மணி நேரம் கட்டிப்போடப் போதும் என்று இருவரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை வீண் போகவில்லை.

ஒரு பகுதியில் எலிகள் ஆலை நடத்தும். ரொட்டித்தூளையும் அவரைப்பருப்பையும் கொட்டினால் சாக்லேட் பிஸ்கட் வரும் என்று காட்டும். எல்லோரும் வாய் பிளந்து நிற்பார்கள். யாஃபிலுக்கு மட்டும் சந்தேகம் தீராது. போய்ப் பார்த்தால், வந்ததெல்லாம் ஒரே பிஸ்கட். முன்பக்கம் உருண்டு வருவதை ஓர் எலி பின்பக்கமாகத் தூக்கிப் போய் மறுபடி உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். விளம்பரம் எப்படி வேலை செய்கிறது என்பதை ஐந்து வயதுக் குழந்தைக்கு இதைவிட எளிதாக யாரும் சொல்லித் தந்ததில்லை.

அடுத்த பத்தாண்டில் குழந்தைகள் தொலைக்காட்சியே அந்த எலிகளின் ஆலையாக மாறியது. 1983இல் ‘ஹீ-மேன்’, 1984இல் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ என்று அமெரிக்காவில் வந்த தொடர்களில் பொம்மை முதலில் பிறந்தது. கதை அதை விற்பதற்காகப் பின்னால் வந்தது. குழந்தைகள் நிகழ்ச்சிகளில் விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்பை அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1984இல் தளர்த்தியபோது கதவு முழுதாகவே திறந்துகொண்டது.

பிரிட்டனின் அனுபவம் வேறு பாடம் சொல்கிறது. நொறுக்குத்தீனி விளம்பரங்களைக் குழந்தைகள் நிகழ்ச்சிகளில் காட்டக் கூடாது என்று அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பு 2006இல் முடிவெடுத்தது. குழந்தைகளின் உடல்நலம் கருதி எடுத்த சரியான முடிவு அது. ஆனால், குழந்தைகள் நிகழ்ச்சி தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தளர்ந்துபோயிருந்தது. வருவாய் போனதும் வணிக அலைவரிசைகள் புதிய நிகழ்ச்சிகளை வெட்டித் தள்ளின. அந்த ஓட்டையை அடைக்க 2019இல் அரசு தொடங்கிய நிதியமும் சோதனைத் திட்டமாகவே 2022இல் முடித்துவைக்கப்பட்டது. விளம்பரம் இருந்தால் நிகழ்ச்சி கடைவீதியாகிறது. விளம்பரம் போனால் நிகழ்ச்சியே போய்விடுகிறது. குழந்தைகளுக்கான கதைக்குப் பொதுப்பணம் வேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

பேக்பஸ் பொம்மையும் இன்று கடைகளில் விற்கிறதே என்று கேட்கலாம். விற்கட்டும். பொம்மையை விற்க எழுதிய கதை அல்ல அது. கதையின் மேல் வந்த பாசத்தால் பொம்மை விற்கிறது. இந்த வரிசை தலைகீழாவதைத்தான் எதிர்க்கிறோம். இதெல்லாம் பெரியவர்களின் பழைய நினைவு ஏக்கம், இன்றைய பிள்ளைகள் கைப்பேசியில் வேகமான காணொளி பார்க்கிறார்கள் என்றும் சொல்லப்படுகிறது. வேறு எதையும் கையில் கொடுக்காமல், இதைத்தான் கேட்கிறார்கள் என்று சொல்வது நியாயம் ஆகாது. இலக்குப் பார்வையாளர் என்று யாரையும் கணக்குப் போடாமல் மாட்டுக்கொட்டகையில் செய்த ஒரு பூனையைத் தலைமுறைகள் தாண்டியும் நினைவில் வைத்திருக்கிறார்களே!

நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்போம். பிரசார் பாரதி சட்டம் 1990, குழந்தைகளின் நலன் காக்கத் தனி நடவடிக்கை எடுப்பதைப் பொது ஒளிபரப்பின் கடமைகளில் ஒன்றாக எழுதிவைத்திருக்கிறது. 1955இல் தொடங்கிய இந்தியக் குழந்தைகள் திரைப்படக் கழகம், 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. தனியாக நின்ற ஓர் அமைப்பு பெரிய அமைப்பின் ஒரு பிரிவாகிவிட்ட நிலையில், அதன் வேலை கரைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அரசுக்கு இருக்கிறது.

நாம் கேட்பது பெரிய தொகை அல்ல. தூர்தர்ஷனின் ஒவ்வொரு மொழி அலைவரிசையும் விளம்பரமே இல்லாத கால் மணி நேரத்தை நாள்தோறும் குழந்தைகளுக்கு ஒதுக்கட்டும். அதற்கான படைப்புகளை இரண்டு மூன்று பேர் மட்டுமே உள்ள சிறு குழுக்களிடம் கொடுக்கட்டும். பணத்துக்குக் கணக்குக் கேட்கலாம். பூனையின் நிறத்துக்குக் கேட்க வேண்டாம். தோல்பாவைக் கலைஞர்களும் ஓவியர்களும் குழந்தை எழுத்தாளர்களும் உள்ள தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட குழுக்களுக்குப் பஞ்சமில்லை. ஆண்டுக்குப் பதின்மூன்று பகுதிகள் வந்தாலும் போதும். நன்றாக வந்ததை மறுபடி மறுபடி ஒளிபரப்பலாம். பார்த்ததையே பார்க்கக் குழந்தைகளுக்கு அலுக்காது.

1987இல் கென்ட் பல்கலைக்கழகம் போஸ்ட்கேட்டுக்குக் கௌரவப் பட்டம் அளித்தபோது, அது உண்மையில் பேக்பஸுக்கு உரியது என்றார் அவர். பூனையும் பட்டதாரி அங்கியில் காட்சி தந்தது. இன்று அவரும் இல்லை, ஃபர்மினும் இல்லை. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பேக்பஸ் தூங்கிப்போகும். கூடவே எல்லாப் பொம்மைகளும் அசைவற்றுப் போகும். வண்ணம் வடிந்து படம் பழுப்பாகும். மறுபடி எழ வேண்டுமானால் எமிலி ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் வைக்க வேண்டும். நம் பொது ஒளிபரப்பில் தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தைகள் பகுதியும் அதற்காகத்தான் காத்திருக்கிறது.