கப்பலேறிய குற்றம்

லகாட் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பமொன்று, பள்ளி விடுமுறையில் மூன்று இரவுகள் உல்லாசக் கப்பலில் பிரயாணம் செய்து திரும்பியது. அவர்கள் எவரிடமும் களவாடவில்லை. வட்டிக்குக் கடன் வாங்கவுமில்லை. கணவனும் மனைவியும் ஓராண்டாகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, ஈப்போவில் ரயிலேறிக் கோலாலம்பூர் சென்று, அங்கிருந்து கிள்ளான் துறைமுகம் போய்க் கப்பலேறினார்கள். அவர்கள் செய்த காரியம் இவ்வளவே. ஆனால் வீடு வந்து சேருமுன்னரே ஊர்ப் பெரியவர்கள் தீர்ப்பெழுதி முடித்துவிட்டார்கள். "தோட்டத்தில் பால் மரம் வெட்டியவன் பேரனுக்குக் கப்பலில் உல்லாசமா? அந்தப் பணத்தைக் கோயிலுக்குக் கொடுத்திருந்தாலும் புண்ணியம் உண்டே!" என்பது தீர்ப்பு. இத்தீர்ப்பைத்தான் நாம் இங்கு விசாரிக்க வேண்டும்.

கப்பல் என்றால் நம்மவர்க்கு என்ன நினைவு வரவேண்டும்? 'ரஜூலா' நினைவுக்கு வரவேண்டும். 1926இல் கட்டப்பட்டுச் சென்னைக்கும் நாகப்பட்டினத்திற்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் இடையே பல்லாண்டு ஓடிய அக்கப்பலின் அளவு 8,500 டன்னுக்கும் சற்றுக் குறைவு. அதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பிரயாணிகளை ஏற்ற முதலில் அநுமதி இருந்தது. தளப் பிரயாணி என்றால் அறை கிடையாது. பாய் விரித்த இடமே அறை, மூட்டையே தலையணை. கரை வந்த பின்னும் விடுதலையில்லை. பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்புக் காவல் காத்திருந்தது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தும், கங்காணியின் ஆள்கட்டு ஒழியவில்லை. உதவிச் செலவில் மலாயாவுக்குத் தொழிலாளரை அனுப்புவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது 1938இல்தான்.

இப்போது மற்றொரு கப்பலைப் பாருங்கள். 2022இல் மறுபடியும் சிங்கப்பூரைத் தலமாகக் கொண்டு ஓடத் தொடங்கிய 'கெந்திங் டிரீம்' ஏறக்குறைய 1,50,000 டன். அறைக்கு இருவர் என்று கணக்கிட்டால் சுமார் 3,350 பேருக்கு இடம். ரஜூலாவைப் போல் பதினேழு மடங்கு பெரிய கப்பலில், ரஜூலாவின் தளத்தில் அடைத்தவர்களை விடக் குறைந்த பிரயாணிகள்! பாட்டன் ஆடுமாடுபோல் அடைபட்டு வந்த அதே மலாக்கா நீரிணையில், பேரன் படுக்கையும் விளக்கும் உள்ள அறையிலே போகிறான். இதைக் கண்டு மார்தட்ட வேண்டிய பெரியவர்கள் முகஞ்சுளிக்கிறார்களே, அது ஏன்?

நிற்க. கடல் கடப்பதற்குத் தமிழர்மீது குற்றஞ்சாட்டுவது புதிய வழக்கமன்று. கணித மேதை இராமாநுஜன் 1914இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்; 1920இல் அவர் மறைந்தபோது, கடல் கடந்தவர் பிராயச்சித்தம் செய்துகொள்ளவில்லை என்று ஆசார உறவினர் பலர் அவருடைய ஈமச் சடங்குக்கும் வரவில்லை. உலகம் போற்றிய அறிவுக்கே அந்தக் கதி. அதே காலத்தில், நாகப்பட்டினத்துத் துறையில் ஆயிரமாயிரம் ஏழைகள் ரப்பர்க் காட்டுக்குக் கப்பலேற்றப்பட்டார்களே, அவர்களைத் தடுக்க எந்தச் சாஸ்திரியாவது கரையிலே வந்து நின்றாரா? உழைக்கப் போனால் சாஸ்திரம் உறங்கும். கற்கப் போனாலும் களிக்கப் போனாலும் அது விழித்துக்கொள்ளும். இன்று அந்தச் சாஸ்திரம் பூணூலைக் கழற்றிவிட்டுச் சிக்கனம் என்னும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஆள் பழைய ஆள்தான்.

சிக்கனம் பேசுவோரின் கணக்கையே புரட்டிப் பார்ப்போமே. பெண் பருவமெய்தினாள் என்று ஊருக்கெல்லாம் பறைசாற்ற மண்டபம் பிடிக்கிறார்கள், அது விரயமில்லை. கலியாணத்திற்கு ஆலோங்கிடம் கைநீட்டி, மாப்பிள்ளை வீட்டார் மெச்ச நகை பூட்டுகிறார்கள், அது கௌரவம். தைப்பூசத்தில் கல்லுமலைக்குக் காவடி எடுக்க, மேளத்திற்கும் பந்தலுக்கும் மாதக்கணக்கான ஊதியத்தைக் கொட்டுகிறார்கள்; அது பக்தி. குடும்பம் முழுவதும் மூன்று நாள் ஒன்றாக உட்கார்ந்து கடலைப் பார்த்தால் மட்டும் ஊதாரித்தனம்! மெல்லிய சங்கிலியொன்றின் விலையில் முடியக்கூடிய செலவுக்கு இத்தனை ஒப்பாரி.

இதிலும் மறைந்திருப்பது வேறொன்று. அவ்வீட்டு அம்மையாரை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விடியுமுன் எழுந்து உலை வைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கனுப்பி, தொழிற்சாலை பஸ்ஸைப் பிடித்து, மாலை திரும்பி மறுபடியும் அடுப்பண்டை நிற்கிறவர் அவர். கணவனுக்குச் சட்டம் இருக்கிறது: 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குட்பட்ட ஊழியத்திற்கு வருஷத்தில் 8 நாளும், ஐந்து ஆண்டுக்குட்பட்டதற்கு 12 நாளும், அதற்கு மேல் 16 நாளும் ஊதியத்தோடு விடுப்பு. தொழிற்சாலை வேலைக்கு அந்த அம்மையாருக்கும் அது உண்டு. வீட்டு வேலைக்கு? ஒரு நாளும் இல்லை. தீபாவளி வந்தால் அடுப்பு இரண்டாகிறது. பினாங்கிலுள்ள நாத்தனார் வீட்டிற்கு விருந்து போனால், கைப்பையை வைத்துவிட்டு அந்தச் சமையலறைக்குள் போய் வெங்காயம் உரிக்கிறார்.

"கடல் பார்க்க ஆசையென்றால் லுமுத் வழியாகப் பங்கோர் போகக்கூடாதா? செலவு குறைவே!" என்பர் சிலர். போகலாம். ஆனால் அங்கே வாடகை வீடெடுத்து, ஊரிலிருந்து மிளகாய்த்தூளும் அரிசியும் கட்டிக்கொண்டு போய், யார் சமைப்பது? ஆண்கள் கடலில் குளித்துவிட்டு வந்து, "சோறு ஆயிற்றா?" என்பார்கள். கப்பலிலோ அடுப்பறைக்குள் பிரயாணியை நுழையவே விடமாட்டார்கள்! இந்த ஒரு விதிக்காகவே கப்பல்காரனுக்கு நன்றி சொல்லலாம். பிறர் சமைத்த சோற்றை, பிறர் கழுவும் தட்டில், மூன்று நாள் உட்கார்ந்து உண்பது நம் பெண்களில் எத்தனை பேருக்கு வாழ்நாளில் வாய்த்தது? புண்ணியம் என்று ஒன்று இருக்குமானால் அதை இங்கே தேடட்டும்.

கப்பல் முழுவதும் குற்றமற்றதென்று நாம் சொல்ல வரவில்லை. இவ்வட்டாரத்தில் இத்தொழிலைப் பெருக்கியது, 1971இல் மலையுச்சியில் சூதாட்டக் கூடம் திறந்த கெந்திங் குழுமந்தான். 1993இல் 'ஸ்டார் குரூசஸ்' தொடங்கியதும் அதுவே. ஆகவே கப்பலிலும் சூதாட்ட மேஜை உண்டு. மனைவி மக்களை நீச்சல் குளத்தண்டை விட்டுவிட்டு, இரவெல்லாம் அம்மேஜையில் கிடக்கிறவனுக்கு இக்கட்டுரை சாட்சி சொல்லாது. தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடப் போராடிய சமூகம், மிதக்கும் கடைக்கு மாலை போடுவதற்கில்லை. கப்பற்புகை பற்றிய புகாரும் நியாயமானதே. இத்தாலிய அரசாங்கம் 2021இல் பெருங்கப்பல்களை வெனிஸ் நகரின் நடு வாய்க்கால்களினின்று விலக்கிற்று.

மற்றொன்று, நம்மவர் கட்டாயம் கவனிக்க வேண்டியது. அறை துடைப்பவரும் தட்டு எடுப்பவரும் பிலிப்பீன், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளினின்றும் மாதக்கணக்கான ஒப்பந்தத்தில் வந்த ஏழைகள். சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006, அவர்களுக்கு உறுதியளிக்கும் ஓய்வு 24 மணி நேரத்தில் 10 மணியே, வாரத்திற்கு 77. நேற்று நம் பாட்டன் கடல் கடந்து பிறர் தோட்டத்தில் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கென்று கட்டணச் சீட்டில் சேர்க்கப்படும் சேவைத் தொகையை நீக்கச் சொல்லி வாதாடுகிற கனவான்கள் உண்டு. கோயில் உண்டியலில் கணக்குப் பாராமல் போடும் கை, இங்கே மட்டும் காசை எண்ணுகிறது. அந்தக் கனவான்கள் தயவுசெய்து லகாட்டிலேயே இருந்துவிடட்டும். அவர்கள் வீட்டுப் பெண்மக்களைக் கப்பலுக்கு அனுப்பிவைக்கட்டும்.