கீசர் வாங்குவதில் கணக்குப் பார்க்கலாமா?

பருப்பு மூட்டையில் கையை விட்டுத் தரம் சொல்லும் நாம், வீட்டுக்கு கீசர் வாங்கும்போது மட்டும் விலையோடு நின்றுவிடுகிறோம்.

சென்ற மார்கழியில் எங்கள் வீட்டு கீசர் பழுதாகி, குழாயைத் தொட்டால் ஷாக் அடித்தது. தெரிந்த கடையில், பில் வேண்டாமென்றால் 600 ரூபாய் குறைவு என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டோம். (நம் கடைக்கு வருபவர் இப்படிக் கேட்டால் எவ்வளவு உபதேசம் செய்வோம்!) மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் முதலில் பிளக் பாயிண்டைக் கழற்றினார். எர்த் ஒயர் பெயருக்குத் தொங்கியது, எதிலும் இணைக்கப்படவில்லை. புது கீசரில் என்றைக்குக் கசிவு வந்தாலும் அதே ஷாக்தான். அன்றே எர்த்தைச் சரிசெய்தோம். கடைக்குத் திரும்பிப்போய், பில்லோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதை வாங்கினோம்.

3 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக் தாங்காது; 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். எம்.சி.பி. ஒயரைத்தான் காக்கும். ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் எலிமெண்டில் சுண்ணாம்பு படியும். சர்வீஸுக்கு உள்ளூரில் ஆள் உண்டா என்று கேட்டு வாங்க வேண்டும்.

நம் சங்கத்தில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். கீசர் கேட்டு வருபவரிடம் விலை சொல்லுமுன், “வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா?” என்று கேளுங்கள். எங்களிடம் எந்தக் கடையிலும் அதைக் கேட்கவில்லை.