பரிசு பெறாத படம்

சென்ற பள்ளி விடுமுறையில் நம் மலாக்கா மாநிலத் தோட்டம் ஒன்றில் பிள்ளைகளுக்குச் சித்திரப் போட்டி வைத்தார்கள். தலைப்பு "எங்கள் தோட்டம்". ஏற்பாட்டுக் குழுவில் அடியேனும் ஒருவன். முதற்பரிசு பெற்ற படத்தில் சூரியன் சிரிக்கிறது. மரம் வெட்டும் அம்மாளும் பல் தெரியச் சிரிக்கிறாள். கட்டியிருக்கும் சேலையில் ஒரு சொட்டுப் பால் கறை கிடையாது. (இந்தக் காலத்தில் எந்த அம்மாள் சேலை கட்டிக்கொண்டு நிரைக்குப் போகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.) வரைந்த பையன் கெட்டிக்காரன். அவனைக் குறை சொல்ல வரவில்லை.

குறை வேறிடத்தில். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, தாள் முழுவதையும் கரியால் கறுப்பாக்கி, நடுவே குனிந்து நிற்கும் ஓர் உருவத்தை வரைந்திருந்தாள். தலையில் கட்டிய விளக்கு. இடுப்பில் தொங்கும் தகர டப்பாவில் புகையும் கொசுவத்தி. விளக்கொளி விழுகிற இடத்தில் மட்டும் பட்டையும் கத்தியும் மங்கும் தெரிகின்றன. முகம் இல்லை. வெளியிலிருந்து வந்திருந்த நடுவர் அதைக் கையிலெடுத்தார். "கை நன்றாக ஓடுகிறது, ஆனால் விழாவுக்கு ஆகாது, ஒரே சோகமாக இருக்கிறது" என்று கீழே வைத்துவிட்டார். நாங்கள் ஐந்து பேர் சுற்றி நின்றோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானுந்தான். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தொழிலாளியைச் சிரிக்க வைத்துப் படம் போடுகிற வழக்கம் நம் ஊரில் பிறந்ததல்ல. பக்கத்திலுள்ள பிலிப்பைன்ஸ் நாட்டில் பெர்னாண்டோ அமோர்சோலோ (1892-1972) என்ற பெரும் ஓவியர் இருந்தார். நாற்று நடும் பெண்களை அவர் தீட்டினால் வெயிலே துணியில் வந்து இறங்கியது போலிருக்கும். அந்தத் திறமையை யார் மறுப்பார்? நாடெங்கும் அவருடைய நடவுக் காட்சிகள் பரவின. பிலிப்பைன்ஸ் கிராமம் என்றால் இதுதான் என்று வெளிநாட்டாரும் நம்பினர். ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்திக்காவது இடுப்பு வலித்ததாக எந்தப் படத்திலும் தெரியவில்லை.

1928 டிசம்பரில் விக்டோரியோ எடாடஸ் என்பவர் அமெரிக்காவில் படித்துத் திரும்பி மணிலாவில் தம் படங்களைக் காட்சிக்கு வைத்தார். அவற்றில் ஒன்று "கட்டுவோர்". பெரிய படம், மண் நிறம். கல்லோடு மல்லுக்கு நிற்கும் உடல்கள். முகத்தைக் காட்டிலும் முதுகும் தோளுமே கண்ணில் படும். பார்க்க வந்த கனவான்கள் முகம் சுளித்தனர். அழகு எங்கே என்று கேட்டனர். எடாடஸ் படிக்கிற காலத்தில் கோடை விடுமுறைகளில் அலாஸ்காவில் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகளில் கூலி வேலை பார்த்தவர். வேலை செய்கிற முதுகு எப்படி வளையும் என்பதை அவர் பள்ளிக்கூடத்தில் மட்டும் கற்கவில்லை.

அவர் திறந்த வழியில் பின்னால் பலர் வந்தனர். 1972இல் மார்க்கோஸ் இராணுவச் சட்டம் கொண்டுவந்தார். 1976இல் இளம் ஓவியர் சிலர் "கைசஹான்" என்ற பெயரில் ஒன்று சேர்ந்தனர்; ஒற்றுமை என்று பொருள். அவர்களில் ஒருவரான அந்திபாஸ் தெலோதாவோ 1978இல் தீட்டிய படம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மெலிந்த, வயது சென்ற தொழிலாளி ஒருவர் நடந்து போகிறார். பின்னால் சுவர் அளவுக்குச் சிவப்பான கொக்கோ கோலா விளம்பரம். அந்த எழுத்தின் வால் வளைந்து வந்து, வெட்டுக்கத்தியின் முனை போல அவர் நெஞ்சில் நிற்கிறது. படத்தின் பெயரே "மாங் ஹுவானின் நெஞ்சில் கத்தி". அவ்வளவுதான். விளக்கவுரை வேண்டுமா?

மணிலா வரைக்கும் ஏன் போனேன் என்றால், அன்று நம் போட்டி மேசையில் அமோர்சோலோவும் எடாடசும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தார்கள். நாம்தான் அடையாளம் காணவில்லை.

இந்தியாவிலும் இதே வழக்கு நடந்தது. 1943இல் வங்கத்தில் பஞ்சம் தலைவிரித்தாடியபோது சித்தபிரசாத் என்ற இளைஞர் மிதுனப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராகச் சுற்றி, எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர்களை மையால் வரைந்தார். "பசித்த வங்காளம்" என்று அது புத்தகமானது. வெள்ளை அரசாங்கம் பிரதிகளைப் பறித்துத் தீயிலிட்டது. வெறும் கோடுதானே, பின் ஏன் தீ?

அவரைப் பின்பற்றி வந்தவர் சோமநாத் ஹோர் (1921-2006). நமக்கு மிகவும் வேண்டியவர். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு உழுதவனுக்கு என்று வங்கக் குத்தகை விவசாயிகள் கிளம்பிய தெபாகா போராட்டத்தில், 1946இல் அவர் ரங்கப்பூருக்குப் போய் அவர்களோடு தங்கி நாட்குறிப்பும் படமுமாக எழுதினார். 1947இல் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார். அங்கும் ஒரு குறிப்பேடு. தோட்டத்துக்குள் துரையின் விருந்தாளியாக அல்லாமல் தொழிலாளியின் விருந்தாளியாகப் போய் வரைந்தவர் என்பதுதான் அவருக்குள்ள விசேஷம்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். சென்னைக்குப் போகிற நம்மவர் மெரினாவில் உழைப்பாளர் சிலை முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்ளாமல் திரும்புவது அரிது. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கலைப் பள்ளிக்கு முதல் இந்தியத் தலைவராக 1929இல் வந்த வங்காளி. 1959 சனவரி 25 அன்று சிலை திறக்கப்பட்டது. அதே சென்னைக் கடற்கரையில்தான் 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தினார். சிலையில் நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். ஒருவனும் நம்மைப் பார்க்கவில்லை, ஒருவனும் சிரிக்கவில்லை. அதைச் சோகம் என்று சொல்லி எவராவது மூலையில் போட்டாரா?

நம் நாட்டுக்கு வந்தால், உசேன் எனாஸ் 1962இல் கிளந்தானில் புகையிலை பறிக்கும் பெண்களைத் தீட்டினார், கண்ணுக்குக் குளிர்ச்சி. பினாங்கில் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம் (1941-2016) குப்பை மேட்டையும் ஏழை வாழ்வையும் கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்தார், கண்ணுக்கு உறுத்தல். இரண்டும் வேண்டும். ஆனால் நம் சங்கக் கூடங்களின் சுவரைப் பாருங்கள். தலைவர்கள் படம் உண்டு, சாமி படம் உண்டு, கடைக்காரர் கொடுத்த நாள்காட்டி உண்டு. நாம் இல்லை.

இதனால் என்ன நட்டம் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சயாம் மரண ரயில் பாதையை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. அங்கே வெள்ளைக்காரக் கைதிகளில் சித்திரம் தெரிந்தவர்கள் இருந்தனர். ஜாக் சாக்கர் வரைந்தார். ரொனால்ட் சேர்ல் தாம் வரைந்ததைக் காலரா நோயாளிகளின் படுக்கைக்கு அடியில் ஒளித்துக் காப்பாற்றினார். காவலர்கள் அந்தப் பக்கம் வரப் பயப்படுவார்கள் என்பது கணக்கு. இன்று அப்படங்கள் அரும்பொருளகங்களில் இருக்கின்றன. அப்பாதையில் மாண்ட நேசநாட்டுக் கைதிகள் ஏறக்குறைய 12,000 பேர். மாண்ட ஆசியத் தொழிலாளர் அதைப்போல் பல மடங்கு. அவர்களில் பெருந்தொகையினர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழர். அந்தப் பாதை என்றதும் உலகத்தின் கண்முன் வருகிற முகம் யாருடையது? கூட்டத்தில் பென்சில் பிடித்தவன் இருந்தானா இல்லையா என்பதில் அவ்வளவு இருக்கிறது.

"கிராணியாரே, படம் போட்டால் சம்பளம் ஏறுமா?" என்று கிளைக் கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார். ஏறாது. சம்பளத்துக்குப் பேச்சுவார்த்தை இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் நான் செக்ரோல் எழுதுகிறவன். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் நம் மாநிலத்து முதல் ரப்பர் தோட்டத்தைப் போட்ட நாள் முதல் என்னைப் போன்ற கிராணிகள் எழுதி வைத்ததெல்லாம் பெயர், நாள், எத்தனை கிலோ பால், எத்தனை கிலோ ஒட்டுப்பால். பல வருடம் ஒரு பெண்ணின் பெயரை எழுதியும், அவள் இடுப்பில் தகர டப்பா தொங்குவதை ஒரு குழந்தையின் படத்தைப் பார்த்துத்தான் நான் கவனித்தேன்.

ஆகவே, அடுத்த போட்டியில் நடுவர் மேசையில் மரம் வெட்டுகிற ஒருவராவது உட்கார வேண்டும். பரிசு பெற்ற படங்களை விழா முடிந்ததும் மூட்டை கட்டாமல் கிளைக் கூடத்தில் மாட்ட வேண்டும். சட்டமும் கண்ணாடியும் என்ன பெரிய செலவு? ஒரு விழாவுக்குப் பந்தல் போடுகிற காசில் ஐம்பது படத்துக்குச் சட்டம் போடலாம்.

போட்டி முடிந்து ஒரு வாரம் கழித்து அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போனேன். ஏனம்மா முகம் வரையவில்லை என்று கேட்டேன். "விடுமுறையில நானும் கூடப் போவேன் சார். இருட்டுல அம்மா மூஞ்சி தெரியாது. விளக்குதான் தெரியும்" என்றாள். தாயார் உள்ளே போய், அலமாரிக்கு மேலே சுருட்டி வைத்திருந்த படத்தை எடுத்து வந்து கொடுத்தார்.

இப்போது அது எங்கள் கிளை அலுவலகச் சுவரில் இருக்கிறது. சந்தா கட்ட வருகிறவர்கள் அதன் முன் நின்று வாதாடுகிறார்கள். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்க வேண்டும், பிள்ளை திருப்பிப் போட்டுவிட்டாள் என்கிறார் ஒரு பெரியவர். மங்கு அவ்வளவு கிட்டே இருக்காது என்கிறார் இன்னொருவர். சென்ற சனிக்கிழமை அந்தத் தாயாரே வந்திருந்தார். இருவர் சொல்வதையும் கேட்டுவிட்டு, "அது பழைய மரம், அடிப்பட்டை போய் மேல்பட்டையில் வெட்டுகிறேன், தெரியவில்லையா?" என்றார்.