சாஸ்திரி சாலையும் ஹிஞ்சவடியும்

புனே நகரின் சதாசிவ பேட்டையிலும் நவி பேட்டையிலும் தெருவுக்குத் தெரு வாசகசாலைகள் உள்ளன. மாதக் கட்டணம் செலுத்தி அங்கு இருக்கை பிடித்து, மராத்வாடாவிலிருந்தும் விதர்பாவிலிருந்தும் வந்த விவசாயக் குடும்பப் பிள்ளைகள் மகாராஷ்டிர அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளுக்குப் படிக்கின்றனர். அதே நகரின் மேற்கு எல்லையில் ஹிஞ்சவடி தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது.

அரசு வேலைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும், தனியார் துறையில் தகுதி இருந்தால் உடனே வேலை என்பது தாராளமய ஆதரவாளர்கள் ஓயாமல் முன்வைக்கும் வாதம். இதன் முற்பாதி உண்மை. 2020 ஏப்ரலில் நடந்திருக்க வேண்டிய முதனிலைத் தேர்வு பலமுறை தள்ளிப்போய், 2021 மார்ச் 14 என நாள் குறிக்கப்பட்டது. அதற்கு மூன்று நாள் முன்பு மீண்டும் ஒத்திவைத்தார்கள். மாணவர்கள் சாஸ்திரி சாலையில் அமர்ந்தனர். மறுநாளே மார்ச் 21 என்று புதிய தேதி அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில், முதன்மைத் தேர்விலும் தேறி நேர்காணலுக்காகக் காத்திருந்த இளம் பொறியாளர் ஒருவர் புனேயில் தற்கொலை செய்துகொண்டார். இதற்கான பொறுப்பிலிருந்து எந்த ஆட்சியாளரும் தப்ப முடியாது.

பிற்பாதியோ வெறும் விளம்பரம். 2025 ஜனவரியில் புனேயில் ஒரு நிறுவனத்தின் வாயிலில் நேரடி நேர்காணலுக்குச் சுமார் 3000 பொறியாளர்கள் வரிசையில் நின்ற காட்சி நாடெங்கும் பரவியது. 2022-இல் இன்போசிஸ் பணி வாய்ப்புக் கடிதம் வழங்கிய பட்டதாரிகளில் சுமார் 2000 பேர் இரண்டு ஆண்டுகளாகியும் பணியில் சேர்க்கப்படவில்லை என்று, புனேயிலிருந்து இயங்கும் தகவல் தொழில்நுட்ப ஊழியர் அமைப்பு 2024-இல் ஒன்றிய தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் அளித்தது.

ஆக, காத்திருப்பு இரு பக்கமும் உண்டு. ஆனால் தேர்வாணையம் காலியிட எண்ணிக்கையை அறிவிக்க வேண்டும். இடஒதுக்கீட்டைப் பின்பற்ற வேண்டும். விடைக்குறிப்பையும் மதிப்பெண்ணையும் வெளியிட வேண்டும். தவறினால் தகவல் உரிமைச் சட்டமும் நிர்வாகத் தீர்ப்பாயமும் இருக்கின்றன, வீதியும் இருக்கிறது. ஹிஞ்சவடியில் நிராகரிக்கப்பட்டவருக்குக் காரணம்கூடச் சொல்லப்படுவதில்லை. கல்லூரியின் பெயர், உள்ளே இருப்பவரின் சிபாரிசு, குடும்பப் பின்னணி ஆகியவை தகுதி என்ற பெயரில் அங்கே வேலை செய்கின்றன. 25 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் தனியார் நிறுவனங்கள் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது 1959-ஆம் ஆண்டுச் சட்டம். அங்கிருந்து ஆள் எடுக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை.

இன்று இந்த வேறுபாட்டையே அரசு உள்ளிருந்து அரித்து வருகிறது. 2023-இல் தலாட்டி எனப்படும் கிராம வருவாய்ப் பணியிடங்கள் 4600-க்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். பொதுப் பிரிவினருக்குக் கட்டணம் 1000 ரூபாய், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 900 ரூபாய். குறைந்த கட்டணத்தில் கணக்கிட்டாலும் ஏறத்தாழ 90 கோடி ரூபாய்! வேலையற்றோரிடம் வசூலித்த பணம் இது. தேர்வை நடத்தியதோ டாடா கன்சல்டன்சி நிறுவனம். தனியாரிடம் விட்டால் முறைகேடு ஒழியும் என்பதற்கும் ஆதாரமில்லை. 2021 டிசம்பரில் மகாராஷ்டிர வீட்டுவசதி வாரியத் தேர்வு, வினாத்தாள் கசிவால் கடைசி நேரத்தில் ரத்தானது. தேர்வை நடத்தவிருந்த தனியார் நிறுவனத்தின் இயக்குநரையே புனே காவல்துறை கைது செய்தது. அதே மாதம் ஆசிரியர் தகுதித் தேர்வு முறைகேட்டில் மாநிலத் தேர்வுக் குழுவின் ஆணையரும் கைதானார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அடுத்த கட்டம் 2023 செப்டம்பர் 6 அரசாணை. ஒன்பது தனியார் முகமைகள் வழியாக அரசுத் துறைகளுக்கு ஒப்பந்த ஊழியர்களை எடுக்க அது வழிவகுத்தது. தேர்வும் இல்லை, தரவரிசைப் பட்டியலும் இல்லை. அரசு அலுவலகத்துக்கான ஆளை முகமையே தேர்ந்தெடுக்கும். மாநிலம் முழுவதும் எழுந்த எதிர்ப்பால் அக்டோபர் 20-ஆம் நாள் அரசு அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. தமிழ்நாட்டில் 2022-இல் அரசாணை 115-ஐ அரசு ஊழியர், ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்ததும் இதே அபாயத்தை முன்னிட்டுத்தான். புனே வாசகசாலைகளின் இளைஞர்கள் கேட்பது மாறாத தேர்வு நாட்காட்டி, கட்டணக் குறைப்பு, தேர்வாணையமே நடத்தும் தேர்வு. ஹிஞ்சவடி வரிசையில் நிற்போரும் இதே அளவுக்குக் கேள்வி கேட்கும் உரிமையைக் கோரத் தொடங்கினால், தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற நெடுநாள் கோரிக்கைக்கு அங்கே புதிய கூட்டாளிகள் கிடைப்பார்கள்.