பதினைந்தில் குப்பை, ஐம்பதில் பாரம்பரியம்

எங்கள் வீட்டு பிரீமியர் பத்மினிக்கும் எனக்கும் ஒரே வயது. 1991 மாடல். இரண்டு பேருக்கும் இந்த வருடம் முப்பத்தைந்து முடிகிறது. எனக்கு யாரும் தகுதிச் சான்று கேட்பதில்லை, வண்டிக்குக் கேட்கிறார்கள். கேட்கட்டும். பிரேக் பிடிக்கிறதா, விளக்கு எரிகிறதா, புகை எவ்வளவு என்று பார்ப்பது அரசாங்கத்தின் வேலை. என் சண்டை அதோடு இல்லை.

ஆர்.சி. புதுப்பிக்க விவரம் கேட்டுப் போனபோது ஏஜென்ட் அண்ணாச்சி ஒருவர் உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்: "தம்பி, இருபது வருசம் தாண்டின காருக்கு இப்பப் பத்தாயிரம். போன தடவை கட்டுன மாதிரி இல்ல. பேசாம ஸ்கிராப்புக்குப் போட்ருங்க. சர்டிபிகேட் தருவாக, புது வண்டி எடுக்கும்போது ரோடு டாக்ஸ்ல கழிச்சுக்கிடலாம்."

"இல்ல அண்ணாச்சி, இது பழைய இத்தாலி வண்டி. ரெடி பண்ணி வச்சிருக்கேன்."

அவர் சிரித்துவிட்டார். "இத்தாலின்னா ஃபெராரில்ல தம்பி?"

அந்தச் சிரிப்பில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என்னோடு வேலை பார்க்கும் பையன்களும் அப்படித்தான் சிரிக்கிறார்கள். இத்தாலியில் ஏதோ ஒரு வைக்கோல் கொட்டகையில் நாற்பது வருடம் தூசி மூடிக் கிடந்த காரைக் கண்டெடுத்து, ஒவ்வொரு நட்டாகக் கழற்றி, கடைசியில் சிவப்புப் பெயிண்ட் பளபளக்க வெளியே ஓட்டி வரும் வீடியோக்களை இரவு இரண்டு மணி வரை பார்க்கிறார்கள். கண் கலங்குகிறது. மறுநாள் காலையில் தெருவில் ஒரு பத்மினி இருமிக்கொண்டு போனால் "டப்பா" என்கிறார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான், மறைக்க ஒன்றுமில்லை.

அந்த டப்பாவின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1937-ல் ஃபியட் கம்பெனி 508சி என்று ஒரு கார் கொண்டுவந்தது. நான்கு சிலிண்டர், 68 மில்லிமீட்டர் போர், 75 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 1089 சிசி. ஆல்ஃபா ரோமியோவிலிருந்து வெளியே வந்த என்சோ ஃபெராரி, நான்கு வருடத்துக்குத் தன் பெயரில் கார் விடக்கூடாது என்ற ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். அதனால் 1940-ல் வேறு பெயரில் தன் முதல் காரைச் செய்தார். அதன் எட்டு சிலிண்டர் இன்ஜின் எங்கிருந்து வந்தது? புதிதாக வார்த்த ஒரு பிளாக்கின் மேல் இந்த ஃபியட் 1100-இன் இரண்டு சிலிண்டர் ஹெட்டுகளை அடுத்தடுத்து உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான். இரண்டு கார்கள் பந்தயத்துக்குப் போயின, இரண்டுமே முடிக்காமல் நின்றுவிட்டன. (பாதி வழியில் நிற்கும் மரபு பத்மினியோடு ஆரம்பிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.) போர் முடிந்ததும் அதே 1089 சிசி இன்ஜினை வைத்துச் செய்த சிசிடாலியா 202-ஐ, 1951-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் சிற்பம் போல உள்ளே வைத்துக் காட்டியது.

அந்த இன்ஜினின் வழிவந்ததுதான், அதே 68-க்கு 75, பம்பாய் குர்லாவில் பிரீமியர் தொழிற்சாலையில் 1964 முதல் ஃபியட் 1100 டிலைட்டாகவும், 1974-லிருந்து பத்மினியாகவும், ஏறக்குறைய 2000 வரை வந்துகொண்டே இருந்தது. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம் விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்த காலத்தில் நம் ஆட்கள் இந்த ஃபியட்டைப் பிரித்து மேய்ந்து, ஹெட்டைத் தேய்த்து, கார்புரேட்டரை மாற்றி, கண்மண் தெரியாமல் ஓட்டியிருக்கிறார்கள். வீடியோவில் பார்க்கும் இத்தாலி ஸ்போர்ட்ஸ் காரின் ஏழைச் சித்தப்பா மகன் நம் தெருவிலேயே நின்றுகொண்டிருக்கிறான். நமக்குத்தான் அடையாளம் தெரியவில்லை.

தெரியாதது மக்களின் பிழை என்றால் விட்டுவிடலாம். சட்டத்துக்கும் தெரியவில்லை என்பதுதான் என் வழக்கு.

2021 ஜூலையில் மத்திய அரசு பழமையான வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. நல்ல காரியம்தான். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். தாண்டினால் 'விஏ' என்ற எழுத்தோடு தனி நம்பர். 20,000 ரூபாய் கட்டினால் பத்து வருடத்துக்கு. அதற்குப் பிறகு புதுப்பிக்க 5,000. கண்காட்சிக்கு, பழைய கார் ஊர்வலத்துக்கு, ஆராய்ச்சிக்கு, பெட்ரோல் போட, பழுது பார்க்க எடுத்துப் போகலாம். அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ கூடாது.

இப்போது என் வண்டியின் கணக்கு. சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம். 2006-ல் முடிந்தது. அன்றிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தகுதிப் பரிசோதனை, புதுப்பிப்பு, பசுமை வரி. 2022-க்கு முன்னால் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆனது. என் பத்மினி 'பாரம்பரியம்' ஆவது 2041-ல். பதினைந்து வயதிலிருந்து ஐம்பது வரை முப்பத்தைந்து வருடம், ஏழு புதுப்பிப்புகள். அதுவரை அது அரசாங்கத்தின் கண்ணில் ஆயுள் முடிந்த வண்டி, சீக்கிரம் உடைத்தால் தேசத்துக்கு நல்லது. 2041-ல் ஒரு நாள் விடியும்போது அதே தகரம் தேசத்தின் சொத்து.

ஐம்பது வயது மரத்துக்கு மாலை போடுகிறோம் என்று சொல்லிவிட்டு, பதினைந்தாவது வயதிலிருந்து வருடா வருடம் கோடாலியைக் காட்டிக்கொண்டே இருந்தால் மாலை போட மரம் எங்கே இருக்கும்? இந்த முப்பத்தைந்து வருட இடைவெளியைத் தாண்டி வரும் வண்டிகள் யாருடையவை? கூரை போட்ட நாலு கார் ஷெட், வேலைக்கு ஓட்டுநர், கோவையிலோ சென்னையிலோ தெரிந்த மெக்கானிக் என்று வசதி உள்ளவர்களுடையவை. சாத்தூரில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் மகன் வைத்திருக்கும் பத்மினி தாண்டாது. ஆக, 50 வருடம் என்பது வயதை அளக்கும் எண்ணாகத் தெரிந்தாலும் வேலையில் அது சொத்தை அளக்கிறது.

வெளியே என்ன செய்கிறார்கள் என்றும் பார்த்துவிடலாம். உலகப் பழங்கார் கூட்டமைப்பின் வரையறை 30 வருடம். ஜெர்மனியில் 30 வருடம் ஆனால் 'எச்' என்ற எழுத்தோடு நம்பர் பிளேட். இந்த இன்ஜின் பிறந்த இத்தாலியிலேயே 20 வருடம் ஆனதும் வரலாற்று மதிப்புச் சான்று வாங்கலாம், வாங்கினால் வருட வரியில் பாதி. 30 ஆனதும் அந்த வரியே கிடையாது. டுரினில் இருந்திருந்தால் என் வண்டி ஐந்து வருடத்துக்கு முன்பே மரியாதை வாங்கியிருக்கும். விருதுநகரில் இருப்பதால் அபராதம் மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறது.

வயதைவிட எனக்கு அதிகம் கோபம் வரவழைப்பது இன்னொரு நிபந்தனை. வண்டி 'அசல் வடிவில்' இருக்க வேண்டும். சேசிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் கூடாது. படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தயாரிப்பு நின்ற பிறகு குர்லாவிலிருந்து ஒரு ஸ்க்ரூ வரவில்லை. பத்மினிகள் எப்படி ஓடின என்று நினைக்கிறீர்கள்?

இங்கே எங்கள் ஊர்ப்பக்கம் கொஞ்சம் வந்து போக வேண்டும். கரிசல் மண், குறைந்த மழை, காய்ந்த காற்று. இந்த வறட்சியால்தான் தீப்பெட்டியும் வெடியும் இந்த மண்ணில் நிலைத்தன. மருந்து காய வேண்டும், ஈரம் ஆகாது. அதே வறட்சிதான் பழைய தகரத்தையும் காப்பாற்றுகிறது. கடற்கரை ஊர்களில் பத்மினியின் கதவுக்கு அடியில் விரலை விட்டால் மறுபக்கம் வரும். எங்கள் பக்கம் பட்டியைச் சுரண்டினால் உள்ளே தகரம் கெட்டியாக இருக்கும்.

அப்புறம் லேத். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த ஊர் சிவகாசி. எங்கோ பார்த்ததை இங்கே இருப்பதை வைத்துச் செய்வது அந்த ஊரின் பழக்கம். குட்டி ஜப்பான் என்று சும்மா சொல்லவில்லை. தீப்பெட்டி லேபிளுக்காக வந்த அச்சுத் தொழில், காலண்டர், நோட்டு என்று பெருகியது. வெளிநாட்டில் ஓடி முடித்த ஜெர்மன் ஆஃப்செட் மெஷின்களைச் செகண்ட் ஹேண்டில் இறக்கி, பிரித்துக் கழுவி, தேய்ந்ததைக் கடைந்து போட்டு இன்னும் இருபது வருடம் ஓட்டியிருக்கிறார்கள். அந்த மெஷின்களின் ரோலர் ஷாஃப்டைக் கடையும் பட்டறையில்தான் என் பத்மினியின் வாட்டர் பம்ப் ஷாஃப்டையும் கடைந்தேன். வரைபடம் கிடையாது. தேய்ந்துபோன பழையதைக் கையில் வாங்கி, வெர்னியரில் நாலு இடத்தில் அளந்து, "இது இங்கன தேஞ்சிருக்கு, அசல்ல இவ்வளவு இருந்திருக்கும்" என்று இல்லாத உலோகத்தை மனதில் போட்டு அளந்தார் லேத் அண்ணன். நான் நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்தவன். அந்த ஒரு வாக்கியத்தை எனக்கு எந்தப் பாடமும் சொல்லித்தரவில்லை.

சிலிண்டரை ரீபோர் செய்தோம். பிஸ்டன், ரிங் மாற்றினோம். வால்வு லேப்பிங் மட்டும் ஒரு முழு நாள். தரைத் தகரத்தில் இரண்டு இடம் வெட்டி ஒட்டினார் டிங்கர். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் என்பதால் பழைய ரப்பர் ஓஸ்கள் ஊறிப் போகும், டேங்க்கில் ஈரம் சேரும். அதனால் ஓஸ் எல்லாம் புதுசு, பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரமும் புதுசு. இத்தனையும் செய்ததால்தான் வண்டி வண்டியாக இருக்கிறது. இதில் எது பழுது, எது 'பெரிய மாற்றம்'? அதை முடிவு செய்யப்போகும் அதிகாரி நல்லவராக இருந்தால் தப்பித்தோம். வீடியோவில் ஃபெராரிக்கு இல்லாத பாகத்தைப் புதிதாகச் செய்து போட்டால் கைவினை. சிவகாசி லேத்தில் பத்மினிக்குச் செய்து போட்டால் அசல் கெட்டுவிட்டது.

சுற்றுச்சூழல் என்று ஒரு கேள்வி வரும். வர வேண்டும். பத்மினியில் புகையைச் சுத்தம் செய்யும் கருவி எதுவும் இல்லை, கிலோமீட்டருக்கு அது விடும் நச்சு இன்றைய காரைவிடப் பல மடங்கு. இதை மறுத்துப் பேசுபவன் பொய் சொல்கிறான். ஆனால் என் வண்டி வருடத்துக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினால் அதிகம். ஓட்டத்துக்கு வரம்பு வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று சொல்லுங்கள், கட்டுப்படுகிறேன். டெல்லிக் காற்று கெட்டால் அதற்கான கணக்கு எங்கள் பக்கத்துக் கூலியில் எப்படி வந்து விழும் என்று சரவெடிக்கும் பேரியத்துக்கும் தடை வந்தபோது பார்த்தவர்கள் நாங்கள். காற்று முக்கியமில்லை என்று சொல்லவில்லை. யார் எவ்வளவு கெடுத்தார்கள் என்று அளந்துவிட்டு வாருங்கள் என்கிறேன்.

இன்னொரு கேள்விக்கு என்னிடம் பதில் இன்னும் பலவீனம். பத்மினி அப்படியொன்றும் நல்ல கார் இல்லையே? இல்லைதான். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், மழையில் நனைந்தால் சாமிதான் நிறுத்த வேண்டும். சித்திரை வெயிலில் ரேடியேட்டர் கொதிக்கும். லைசென்ஸ் ராஜ்யத்தில் வேறு கதியில்லாமல் வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. அதோடு, அது எல்லாருடைய நினைவும் இல்லை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பெண்களில் பலர் அதில் ஏறியது கல்யாணத்தன்று மட்டும்தான், அதுவும் வாடகைக்கு. என் அப்பா வாங்க முடிந்தது எங்களிடம் கடை இருந்ததால். இதையெல்லாம் சேர்த்துத்தான் அதைக் காப்பாற்றச் சொல்கிறேன். மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸை மட்டும் மிச்சம் வைத்தால், ஐம்பது வருடம் கழித்துப் பார்க்கிறவன் இந்த நாட்டில் எல்லாரும் அரண்மனையிலிருந்து புறப்பட்டார்கள் என்று நினைப்பான்.

பம்பாயில் பத்மினி டாக்சிக்கு இருபது வயது வரம்பு. 2003 அக்டோபரில் பதிவான கடைசி டாக்சி 2023 அக்டோபரில் ஓட்டத்தை நிறுத்தியது. அன்றைக்கு எத்தனை இரங்கல் பதிவுகள்! கறுப்பு மஞ்சள் படங்கள், பழைய சினிமா ஸ்டில்கள். நிறுத்தும் நாளில் அழுத கூட்டத்தில் ஒரு சிறு பங்கு, அதற்கு முந்தைய பத்து வருடத்தில் விதியை மாற்றச் சொல்லிக் கேட்டிருந்தால் போதும். அழுவது சுலபம், ஒரு போட்டோ போதும். முப்பது வருடம் ஆனதும் சான்று கொடு, உள்ளூர் பாகத்தைப் பழுதுபார்ப்பு என்று ஒப்புக்கொள் என்று மனுப் போடுவதற்குத்தான் ஆள் இல்லை.

ஏனென்றால் வண்டி மட்டும் காத்திருந்தால் போதாது. என் மெக்கானிக் அண்ணனுக்கு அறுபத்திரண்டு. இன்ஜின் சத்தத்தைக் கேட்டு எந்த வால்வு என்று சொல்லும் காது அவருக்கு. பட்டறையில் பையன் கிடையாது. அவர் மகன் மதுரையில் ஷோரூமில் இருக்கிறான், அங்கே லேப்டாப்பைச் செருகினால் அது கோளாறைச் சொல்லிவிடும். வங்கிகளில் நாற்பது வருடப் பழைய புரோகிராம்கள் இன்னும் ஓடுகின்றன. அதைத் தொடத் தெரிந்தவர் ஓய்வு பெறப்போகிறார் என்றால் என் தொழிலில் கம்பெனிகள் பதறிப்போய் ஆள் தேடும். இங்கே பதறுவதற்கு யாரும் இல்லை.

போன ஞாயிறு வண்டியை ஆர்.ஆர். நகர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியதும் இந்தக் கணக்கையெல்லாம் அவரிடம் சொன்னேன். 2041-ல்தான் அண்ணே இதுக்கு மரியாதை, அப்ப எனக்கும் அம்பது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அவர் மனதுக்குள் தன் வயதைக் கூட்டிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "மேல் ஓஸ் கசியுது தம்பி. கிளிப்பு லூசு. நாளைக்கி வேணாம், இப்பவே மாத்திருவம்" என்றார்.